0டபிள்யூ-20 ஆயில் மெல்லியதாக இருப்பதால் எஞ்சின் விரைவில் தேயுமா?

நெடுவழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னுடைய காரில் இருப்பது டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. கையேட்டில் 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயிலை முதலாவதாகக் குறிப்பிட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஊற்றலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை கையேட்டில் சொல்லியபடியே 0டபிள்யூ-20 ஆயிலைத்தான் பயன்படுத்தி வருகிறேன்.

வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், "இந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, இனிமேல் 10டபிள்யூ-40 ஊற்றுங்கள், பேரிங்கும் ரிங்கும் நீண்ட நாள் தாங்கும்" என்கிறார். அனுபவம் உள்ளவர் என்பதால் அவர் சொல்வதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. மறுபக்கம், எஞ்சினை வடிவமைத்தவர்கள் காரணம் இல்லாமல் மெல்லிய ஆயிலைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்கள் என்றும் தோன்றுகிறது.

ஆயிலின் பாகுத்தன்மை கூடினால் தேய்மானம் குறையும் என்பது எல்லா நிலையிலும் உண்மையா, அல்லது ஓர் அளவுக்கு மேல் அதனால் பயன் இல்லையா என்பதே என் முதன்மையான கேள்வி. சிந்தெடிக் என்பதால் மெல்லிய ஆயிலும் கெட்டியான ஆயில் அளவுக்குக் காப்பாற்றிவிடும் என்று சிலர் சொல்வது சரிதானா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.


படலம் எழுதியது:

நெடுவழி அவர்களுக்கு, உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் புரிந்துகொள்ள, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட் சுழலும்போது தன்னை ஒட்டியிருக்கும் ஆயிலை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே செல்லும் இடைவெளிக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பில் உருவாகும் அழுத்தமே ஷாஃப்ட்டைப் பேரிங்கில் படாமல் தூக்கி நிறுத்துகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் தரையை விட்டு நீரின்மேல் ஏறிக்கொள்வதும் இதே இயற்பியல்தான். ஆயில் பம்பு கொடுக்கும் சில பார் அழுத்தம் ஆயிலைப் பேரிங் வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கானது. சுமையைத் தாங்கும் அழுத்தம் இடைவெளியில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்துக்குள்ளேயே பிறக்கிறது, எரிதலின் உச்சத்தில் அது பல நூறு பாரை எட்டும். ஆகவே, கெட்டியான ஆயில் ஊற்றியதும் அழுத்தமானியின் முள் சற்று மேலே நிற்பதைப் பார்த்து, பாதுகாப்பு கூடிவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. ஓட்டத்துக்குத் தடை கூடியிருக்கிறது என்பதை மட்டுமே அந்த முள் சொல்கிறது.

இந்தப் படலம் உருவாகும் விதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் சமன்பாடாக எழுதினார். 1902இல் ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் பேரிங்குகளில் உராய்வை அளந்து வெளியிட்டார்; அவர் பெயரால் வழங்கும் வளைகோடுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. பாகுத்தன்மையை வேகத்தால் பெருக்கிச் சுமையால் வகுத்தால் வரும் எண்ணைக் கிடைமட்டத்திலும், உராய்வை நிலைக்குத்திலும் வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டு உராய்வு அதிகமாக இருக்கும். நடுவில், படலம் பாதிச் சுமையையும் மேடுபள்ளங்களின் உச்சிகள் மீதிச் சுமையையும் தாங்கும் கலப்பு நிலையில் உராய்வு சரிந்து கீழே இறங்கும். அதைத் தாண்டியதும் முழுப் படலம் உருவாகிவிடுகிறது. அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக உராய்வு மெதுவாக மீண்டும் ஏறும், ஏனென்றால் இப்போது ஆயிலைக் கலக்குவதற்கே ஆற்றல் செலவாகிறது.

தேய்மானம் நடப்பது இடது ஓரத்திலும் நடுவிலும் மட்டுமே. முழுப் படலம் இருக்கும் இடத்தில் உலோகங்கள் தொடுவதே இல்லை என்பதால், அங்கே படலத்தை இன்னும் தடிமனாக்கினாலும் குறைப்பதற்குத் தேய்மானம் என்று எதுவும் இல்லை. ஆகவே பாகுத்தன்மைக்கும் தேய்மானத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. ஒரு வரம்புக்குக் கீழே போனால் தேய்மானம் செங்குத்தாக ஏறும். வரம்புக்கு மேலே போனால் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பது பேரிங்கின் அகலம், இடைவெளி, மேற்பரப்பின் வழவழப்பு ஆகியவற்றைப் பொறுத்து எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 0டபிள்யூ-20 ஆயிலுக்கென்றே வடிவமைத்த எஞ்சினில் இவற்றை அந்த ஆயிலுக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். கெட்டியான ஆயிலுக்காக வடிவமைத்த பழைய எஞ்சினில் அதே 0டபிள்யூ-20 ஆயிலை ஊற்றினால் வரம்புக்குக் கீழே விழுந்துவிட வாய்ப்புண்டு.

எஞ்சினின் எல்லா இடங்களும் பேரிங்கைப் போல இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வேகம் சுழியாகும் அந்தக் கணத்தில், எவ்வளவு கெட்டியான ஆயிலாக இருந்தாலும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே முழுப் படலம் நிலைக்காது. கேம் ஷாஃப்ட்டின் மூக்குப் பகுதியிலும் ஏறத்தாழ இதே நிலைதான். இந்த இடங்களைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் சேர்க்கைப் பொருள்களுடையது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட தேய்மானத் தடுப்புச் சேர்மம் வெப்பத்திலும் உரசலிலும் சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படிகிறது. உலோகத்துக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்கிறது, மீண்டும் படிகிறது. இந்தச் சேர்மம் 0டபிள்யூ-20 ஆயிலிலும் உண்டு, 10டபிள்யூ-40 ஆயிலிலும் உண்டு.

அடுத்து, டப்பாவில் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே300 தரநிலையின்படி, 100 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருப்பது 20 கிரேடு, 9.3 முதல் 12.5க்குள் இருப்பது 30, 12.5 முதல் 16.3க்குள் இருப்பது 40. ஆனால் இந்த அளவீட்டில் ஆயில் தன் எடையால் மட்டுமே குழாயில் இறங்குகிறது. பேரிங்குக்குள் அது படும் பாடு அங்கே இல்லை. குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்து இரண்டு எண் கொண்ட பல்நிலை ஆயில்களில் கலந்திருக்கும் நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் பேரிங்கின் கடும் இழுவிசையில் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடுவதால், ஆயில் அங்கே தற்காலிகமாக மெலிந்துவிடுகிறது. இதை அளக்கத்தான் 150 டிகிரியில், நொடிக்குப் பத்து லட்சம் என்ற இழுவை வீதத்தில் எடுக்கும் எச்.டி.எச்.எஸ். பாகுத்தன்மை இருக்கிறது. 20 கிரேடுக்கு இது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-செகண்ட், 30 கிரேடுக்கு 2.9, 10டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5, 15டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.7 இருக்க வேண்டும். தேய்மானத்தோடு நெருங்கிய தொடர்பு உடையது இந்த எண்தான், வாங்குவதற்கு முன் ஆயிலின் விவரத்தாளில் தேடிப் பார்க்க வேண்டியதும் இதுவே.

ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் ஆயில் வகைப்பாட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சி2 வகையில் எச்.டி.எச்.எஸ். 2.9 இருந்தால் போதும், சி3 வகையில் 3.5 இருந்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டிலும் 5டபிள்யூ-30 என்று அச்சிட்ட ஆயில்கள் விற்கின்றன. டப்பாவில் ஒரே எண் இருந்தும், பேரிங்குக்குள் அவை இரண்டும் வெவ்வேறு ஆயில்கள். கிரேடை மட்டும் பார்த்து வாங்குவது போதாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சிந்தெடிக் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே வெப்பநிலையில் ஒரே பாகுத்தன்மை இருந்தால், சிந்தெடிக் என்பதற்காகப் பேரிங்கில் படலம் குறிப்பிடத்தக்க அளவு தடிமனாகிவிடாது. வெப்பம் ஏறும்போது அதன் பாகுத்தன்மை குறைவாகவே சரிகிறது. அதனால் பாலிமரைக் குறைவாகக் கலந்தால் போதும், அதுவும் நாளடைவில் அறுபட்டு மெலிவது குறையும். ஆவியாவதும், ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் மெதுவாகவே நடக்கும். புதிதாக ஊற்றியபோது இருந்த பாகுத்தன்மையைக் கடைசி வரை ஏறத்தாழக் காப்பாற்றித் தருவதுதான் சிந்தெடிக்கின் உண்மையான பயன்.


திருகுசாவி எழுதியது:

படலம் அவர்கள் எழுதிய அடிப்படையோடு எனக்கு மாறுபாடு இல்லை. எஞ்சின்களைப் பிரித்துக் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அவர் சொல்லும் வரம்பு புது ஆயிலுக்கு உரியது. வண்டிக்குள் ஓடுவதோ எப்போதும் பயன்பட்ட ஆயில்.

கனெக்டிங் ராடின் பேரிங் ஓடுகளைக் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ராடின் பக்கத்தில் இருக்கும் மேல் ஓடுதான் அதிகம் தேய்ந்திருக்கும்; எரிதலின் அடி நேராக விழுவது அதன்மேல்தான். மெயின் பேரிங்கில் இதற்கு நேர்மாறாகக் கீழ் ஓடு தேயும். மங்கிய சாம்பல் நிற மேற்பூச்சு ஒரே சீராக இருந்தால் படலம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். ஓட்டின் நடுவில் பூச்சு மினுங்கத் தொடங்கி, அதற்குள்ளிருந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் ஷாஃப்ட் தொட்டிருக்கிறது. நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் காரணம் பெரும்பாலும் தூசியோ உலோகத் துகளோ ஆகும். அதைப் பாகுத்தன்மையின் கணக்கில் எழுதக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், தேய்ந்த பேரிங் எதைக் கண்டாலும் மெல்லிய ஆயில்மேல் பழி போடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது.

செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்த எஞ்சின்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, ஆயிலில் பெட்ரோல் கலந்திருப்பதும், ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போட்டிருப்பதும்தான். நேரடித் தெளிப்பு எஞ்சினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடேறாததால், அது ஆவியாகி வெளியேறவும் வழியில்லை. பெட்ரோல் கலப்பு சில சதவீதத்தைத் தொட்டாலே ஆயில் ஒரு கிரேடு இறங்கிவிடக்கூடும். 30 இறங்கினால் 20 ஆகும். 20 இறங்கினால் அந்த எஞ்சின் எதிர்பார்க்கும் வரம்புக்கே வந்துவிடும். ஆகவே, டர்போவும் நேரடித் தெளிப்பும் சேர்ந்த எஞ்சினில், கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், நான் கெட்டியானதையே தேர்வேன். மெக்கானிக் சொல்லும் 10டபிள்யூ-40 அந்த அனுமதிக்கு வெளியே இருக்கிறது. அதற்கு நான் போக மாட்டேன்.

வண்டி ஓட்டுபவரின் கையில் இருக்கும் இன்னொரு காரணியும் உண்டு. ஸ்ட்ரைபெக் கணக்கில் பாகுத்தன்மையோடு வேகமும் சுமையும் இருக்கின்றன அல்லவா? டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவிசையையும் தந்துவிடுவதால், உயர் கியரில் 1,500 சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி மேடு ஏறுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்போது சுமை உச்சத்திலும் வேகம் அடிமட்டத்திலும் இருப்பதால், படலம் மிகவும் மெலிந்து போகும். ஒரு கியர் குறைத்து 2,500 சுழற்சியில் அதே மேட்டை ஏறினால், ஆயிலை மாற்றாமலேயே கூடுதல் கிரேடு ஊற்றியதைப் போன்ற பாதுகாப்பு கிடைத்துவிடும். பேரிங்கைப் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டைமிங் செயினைப் பற்றியும் ஒரு சொல். ஆயிலில் சேரும் கரித்துகள் செயினின் பின்களையும் புஷ்களையும் அரம் போல ராவி, செயினை நீளச் செய்கிறது. கெட்டியான ஆயில் இதைத் தடுப்பதில்லை. 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற அமெரிக்க ஆயில் தரத்தில் செயின் தேய்மானத்துக்கென்றே தனிச் சோதனை சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தரமுள்ள ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதே செயினுக்கு நல்லது.


நெடுவழி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரிங் ஓடுகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகு, கிரேடு எண்ணைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. தேய்மானத்தில் பெரும்பகுதி காலையில் வண்டியை முதன்முதலாகக் கிளப்பும்போதே நடந்துவிடுகிறது, அதனால் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பல இடங்களில் படித்தேன். அப்படியானால், 0டபிள்யூவை விட்டு 5டபிள்யூவுக்குப் போனால் அந்த நேரத்துத் தேய்மானம் கூடிவிடாதா?


படலம் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் திருகுசாவி அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்; வரம்பைக் கணக்கிடும்போது ஆயில் மாற்றப்போகும் நாளில் இருக்கும் பாகுத்தன்மையைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

டபிள்யூ எண் உறைகுளிரைப் பற்றியது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்ற விடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். அதற்கும் 5 டிகிரி கீழே, பம்பு உறிஞ்சி எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அவ்வளவு குளிர் இல்லாத இடத்தில் 0டபிள்யூவுக்கும் 5டபிள்யூவுக்கும் உள்ள வேறுபாடு தேய்மானத்தைத் தீர்மானிக்காது.

25 டிகிரியில் கிளப்புவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். சூடான நிலையில் 8.5 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு 0டபிள்யூ-20 ஆயில், 25 டிகிரியில் ஏறத்தாழ 85 சென்டிஸ்டோக் இருக்கும். 10.5 இருக்கும் ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 120ஐ ஒட்டி இருக்கும். அதாவது, குளிர்ந்த எஞ்சினில் மெல்லிய ஆயில் என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டும் தம் வேலைநிலையைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு கெட்டியாகவே இருக்கின்றன. ஆயில் வந்து சேர்ந்துவிட்டால் பேரிங்கில் படலத்துக்குக் குறைவே இருக்காது.

பிறகு ஏன் குளிர்ந்த எஞ்சினில் தேய்மானம் கூடுகிறது என்றால், காரணங்கள் வேறு. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் படிந்து ஆயிலைக் கழுவிவிடுகிறது. எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்து, அமிலத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. தேய்மானத் தடுப்புச் சேர்மம் சூடேறிய பிறகே முழு வேகத்தில் பூச்சை உண்டாக்கும். இவற்றில் எதையும் டபிள்யூ எண் மாற்றிவிடாது. கிளப்பியதும் நெடுநேரம் நிறுத்திவைத்து உறுமவிடாமல், சில விநாடிகளில் புறப்பட்டு, ஆயில் சூடேறும்வரை மென்மையாக ஓட்டுவதே இந்தத் தேய்மானத்தைக் குறைக்கும் வழி. அதிக அவசரத்தில், ஆயில் கெட்டியாக இருக்கும்போதே சுழற்சியை உயர்த்தினால், அழுத்தம் தாங்காமல் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகவும் கூடும். கெட்டியான கிரேடில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு கணக்கும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. மேலே சொன்ன அதே 0டபிள்யூ-20 ஆயில் 90 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக் இருக்கும். அது 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருக்கும் அளவு. அந்த 5டபிள்யூ-30 ஆயிலே 120 டிகிரிக்குச் சூடேறினால் 7ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆயிலின் வெப்பநிலையில் ஏற்படும் சிறு மாற்றம் முழுதாக ஒரு கிரேடை விழுங்கிவிடுகிறது என்றால், கடும் சுமையிலும் நீண்ட மேட்டிலும் ஓடும் வண்டியின் ஆயிலும், நகருக்குள் நிதானமாக ஓடும் வண்டியின் ஆயிலும் ஒரே கிரேடாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஓட்டம் முதல் வகையாக இருந்தால் 5டபிள்யூ-30. இரண்டாம் வகையாக இருந்தால் 0டபிள்யூ-20 போதும், ஆனால் குறுகிய ஓட்டங்களே அதிகம் என்றால் பெட்ரோல் கலப்புக்காக மாற்றும் கெடுவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.


சோதனைக்குழாய் எழுதியது:

இவ்வளவு தெளிவான விவாதத்தில், பயன்பட்ட ஆயிலைச் சோதனைக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லையே என்பதால் எழுதுகிறேன். எஞ்சினைப் பிரிக்காமல் தேய்மானத்தை அறிய நெடுவழி அவர்களுக்கு இருக்கும் நல்ல வழி இதுதான்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 100 டிகிரி பாகுத்தன்மையும் எரிபொருள் கலப்பும். ஊற்றிய ஆயில் தன் கிரேடிலேயே நிற்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்து உலோகங்கள்: இரும்பு கூடினால் சிலிண்டர், கேம் ஷாஃப்ட், செயின் ஆகியவற்றையும், செம்பும் ஈயமும் வெள்ளீயமும் கூடினால் பேரிங்கையும், அலுமினியம் கூடினால் பிஸ்டனையும் நினைக்க வேண்டும். சில எஞ்சின்களில் பேரிங்கே அலுமினியக் கலவையால் ஆனது என்பதால், உங்கள் எஞ்சினின் பேரிங் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. சிலிக்கான் சேர்ந்து கூடியிருந்தால் ஏர் ஃபில்டரையும் அதன் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். தூசி உள்ளே போகும் எஞ்சினுக்கு எந்தக் கிரேடும் மருந்தாகாது.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. வழக்கமான நிறமாலைச் சோதனை சில மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களை மட்டுமே எண்ணும். பெரிய செதில்களாகப் பெயரும் தேய்மானம் அதன் கண்ணில் படாது. அதனால் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் அறிக்கையை வைத்து இரண்டு கிரேடுகளை ஒப்பிடுவதும் தவறு. ஆயில் ஓடிய தூரம் வேறுபட்டாலே உலோக அளவு வேறுபடும். முந்தைய ஆயிலின் மிச்சமும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும்.

இப்போது எஞ்சினில் இருக்கும் 0டபிள்யூ-20 ஆயிலை மாற்றும்போதே முதல் மாதிரியை எடுத்துவிடுங்கள். ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடிகால் திருகைக் கழற்றி, முதலில் விழும் கசடையும் கடைசியில் சொட்டுவதையும் விட்டுவிட்டு, நடுவில் ஓடும் ஆயிலைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். ஆயில் ஓடிய தூரத்தையும், இடையில் எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதையும் குப்பியின்மேல் எழுதி அனுப்புங்கள். 5டபிள்யூ-30க்கு மாறினால், இரண்டாவது முறை ஆயில் மாற்றும்போது அதே தூரத்தில் எடுத்த மாதிரியோடு ஒப்பிடுங்கள். மாறிய முதல் முறை எடுக்கும் மாதிரியில் இரண்டு ஆயில்களும் கலந்திருக்கும்.